ஒரே பெயர், பல இனம்: வயிற்றுப் புண் தரும் கிருமியை அறிவோம்

நெல் என்று பொதுவாகச் சொல்கின்றோம். ஆனால் ஒரு கமக்காரரிடம் போய் நெல் விதைத்திருக்கின்றோம் என்று மட்டும் சொன்னால் அவர் விடமாட்டார். என்ன இனம் என்று கேட்பார். மொட்டைக்கறுப்பனா, பச்சைப்பெருமாளா, ஆட்டக்காரியா? எத்தனை மாதப் பயிர்? தண்ணீர் குறைந்தால் தாங்குமா? நோய் வந்தால் நிற்குமா? பெயர் எல்லாவற்றுக்கும் நெல்தான். குணம் மட்டும் இனத்துக்கு இனம் வேறு. அந்தக் குணம் விதைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றது.

இதே கேள்வியை எமது வயிற்றில் வாழும் ஒரு கிருமியைப் பற்றியும் கேட்க வேண்டியுள்ளது. அதன் பெயர் ஹெலிகொபக்டர் பைலோரி. இரைப்பையிலும் குடலிலும் ஏற்படும் புண்களுக்கு முக்கிய காரணம் இக்கிருமியே. உலகில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரைப்பையில் இது குடியிருக்கின்றது. ஆயினும் அவர்களில் பெரும்பாலானோர் ஒரு நோயும் இன்றியே வாழ்ந்து முடிக்கின்றனர். பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வாழ்நாளில் புண் ஏற்படுகின்றது. ஒருவரை விட்டுவிடும் கிருமி மற்றவரை ஏன் வருத்துகின்றது? இதற்கான விடையின் ஒரு பகுதி கிருமியின் இனத்தில் உள்ளது. அந்த விடையை அறிந்தால் மருந்தை எவ்வாறு எடுக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

மிளகாயும் கவலையும் மட்டுமா?

நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது, உறைப்பால் வந்தது, கவலையால் வந்தது என்றே வயிற்றுப் புண்ணைப் பற்றி எம்மிடையே பேசிக்கொள்வதுண்டு. வீடு வாசலை விட்டு வந்தவர்களுக்குக் கவலைக்குக் குறைவில்லை. ஆகவே அந்தக் காரணம் பொருத்தமாகவும் தோன்றும். நெடுங்காலமாக வைத்திய உலகமும் ஏறத்தாழ இவ்வாறே எண்ணியது. இரைப்பையில் அமிலம் கடுமையானது, அதில் எந்தக் கிருமியும் தங்கி வாழ முடியாது என்பது அன்றைய பாடம். அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தார்கள். மருந்தை நிறுத்தினால் பலருக்குப் புண் திரும்பவும் வந்தது. சிலருக்குச் சத்திரசிகிச்சை செய்து இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றினார்கள்.

1979ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகர வைத்தியசாலையில் றொபின் வாரன் என்ற நோயியல் வைத்தியர், இரைப்பையில் இருந்து எடுத்த சிறு தசைத் துண்டுகளில் வளைந்த வடிவமுள்ள பற்றீரியாக்களைக் கண்டார். அவை இருந்த இடங்களில் எல்லாம் அழற்சியும் இருந்தது. 1981இல் பரி மார்ஷல் என்ற இளம் வைத்தியர் அவருடன் இணைந்தார். இருவரும் அக்கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்க்க முயன்றனர். இரண்டு நாட்களில் ஒன்றும் முளைக்காவிடின் தட்டுக்களை வீசிவிடுவது வழக்கம். 1982இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறை வந்ததால் தட்டுக்கள் வழக்கத்தை விடக் கூடிய நாட்கள் அப்படியே இருந்துவிட்டன. விடுமுறை முடிந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளரும் கிருமி என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆயினும் பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. குழாய் இறக்கிப் பார்த்தபோது இரைப்பைச் சுவரில் அழற்சி ஏற்பட்டிருந்தது. அவருக்குப் புண் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1994இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய நிபுணர் குழு, இக்கிருமியுள்ள புண்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2005இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அமிலத்தில் எப்படி வாழ்கின்றது?

வயலுக்கு யூரியா போடுகின்றோம். ஈர மண்ணில் அது கரைந்து பிரியும்போது அமோனியா என்ற வாயு எழுவதை நாம் அறிவோம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் நொதியமே யூரியாவைப் பிரிக்கின்றது. அதே வேலையை இக்கிருமி எமது வயிற்றுக்குள் செய்கின்றது. எமது உடலில் இயல்பாக உண்டாகும் யூரியா சிறிதளவு இரைப்பையிலும் இருக்கும். கிருமி அதைப் பிரித்து அமோனியாவை ஆக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை அடக்கிக்கொள்கின்றது. பின்னர் தன் வால் போன்ற இழைகளால் நீந்தி, இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் வழுவழுப்பான சீதப் படைக்குள் புகுந்து தங்கிவிடுகின்றது.

பெரும்பாலும் சிறு பராயத்திலேயே இது தொற்றுகின்றது. வாய் வழியாகவும், வாந்தி, மலம் ஆகியவற்றின் அசுத்தம் கையிலோ நீரிலோ உணவிலோ சேர்வதாலும் பரவுகின்றது. ஒரே வீட்டிலுள்ளோரின் கிருமிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள், தாயிடம் உள்ள அதே இனம் பிள்ளையிடம் இருப்பதைப் பல தடவை கண்டுள்ளன. ஒரு சிறிய இடத்தில் பலர் நெருங்கி வாழும்போதும், நல்ல நீரும் மலசலகூடமும் போதாதபோதும் தொற்று கூடும். முகாமிலும் உறவினர் வீட்டிலும் காலங்கழித்த குடும்பங்கள் இதை மனதில் வைத்திருப்பது நல்லது. இது எவருடைய குற்றமும் அன்று. நெருக்கமான வாழ்வு தரும் சுமைகளில் இதுவும் ஒன்று.

இனத்துக்கு இனம் வேறுபடும் குணம்

ஒவ்வோர் உயிரின் குணங்களும் அதன் பரம்பரையலகுகளில் எழுதப்பட்டுள்ளன. 1997இல் இக்கிருமியின் பரம்பரை எழுத்து முழுவதையும் விஞ்ஞானிகள் முதற்தடவையாக வாசித்தனர். இங்கிலாந்தில் இரைப்பை அழற்சி இருந்த ஒரு நோயாளியின் கிருமி அது. அதில் 1,600 அளவான பரம்பரையலகுகள் இருந்தன. 1999இல் அமெரிக்காவில் முன்சிறுகுடலில் புண் இருந்த ஒருவரின் கிருமியை வாசித்து இரண்டையும் ஒப்பிட்டனர். ஒவ்வொன்றிலும் நூறுக்கு ஆறு அல்லது ஏழு அலகுகள் மற்றதில் இல்லை. இரண்டும் ஒரே பெயர் கொண்டவை, ஒரே வகை வயிற்றில் வாழ்ந்தவை. இருந்தும் இவ்வளவு வேறுபாடு.

இதற்குக் காரணம் உண்டு. இக்கிருமி தன் பரம்பரை எழுத்தைப் பிரதி செய்யும்போது பிழைகள் கூடுதலாக விடுகின்றது. அதைவிட, ஒரே வயிற்றில் வேறோர் இனமும் வந்து சேர்ந்தால் அதன் எழுத்தில் ஒரு துண்டை எடுத்துத் தன்னுடையதில் சேர்த்துக்கொள்கின்றது. பக்கத்து வயலின் மகரந்தம் கலந்து விதை மாறுவது போன்றது இது. ஆகவே உறவில்லாத இருவரின் வயிற்றிலுள்ள கிருமிகள் அச்சொட்டாக ஒன்றாக இருப்பதில்லை.

நோயைப் பொறுத்தவரை இரண்டு அலகுகள் முக்கியமானவை.

முதலாவது 'காக் ஏ' எனப்படுவது. இந்த அலகுடைய இனங்களில் அதனுடன் சேர்ந்து ஏறத்தாழ 30 அலகுகள் ஒரு தொகுதியாக உள்ளன. அத்தொகுதி ஊசி போன்ற ஒரு கருவியை ஆக்குகின்றது. கிருமி அந்த ஊசியை இரைப்பைச் சுவரின் கலத்துக்குள் குத்தி, காக் ஏ என்ற புரதத்தை உள்ளே செலுத்துகின்றது. கலத்தின் ஒழுங்கு குலைகின்றது. கலங்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்கின்றது. அழற்சி கடுமையாகின்றது. இத்தொகுதி இல்லாத இனங்களும் உண்டு. அவை அழற்சியை ஏற்படுத்தினாலும் அதன் கடுமை குறைவு.

இரண்டாவது 'வக் ஏ' எனப்படுவது. இது எல்லா இனங்களிலும் உண்டு. ஆனால் எழுத்து ஒன்றுபோல் இல்லை. ஒரு வகை எழுத்துள்ள இனம் வலிய நஞ்சைச் சுரக்கின்றது. அந்த நஞ்சு கலங்களுக்குள் குமிழிகளை உண்டாக்கி அவற்றைச் சிதைக்கின்றது. வேறு வகை எழுத்துள்ள இனத்தின் நஞ்சோ ஏறத்தாழப் பயனற்றது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், புண் உள்ளவர்களிடம் காக் ஏ உடைய இனமும் வக் ஏயின் நஞ்சு வகையும் புண் இல்லாதவர்களை விடக் கூடுதலாகக் காணப்பட்டன. இவ்விரண்டும் ஒரே இனத்தில் சேர்ந்திருப்பதும் வழக்கம்.

கொலம்பியாவும் மலேசியாவும் சொல்வது

இக்கிருமி தரும் தீமைகளில் புண் ஒன்று. நீண்ட காலத்தில் இரைப்பைப் புற்றுநோயும் வரலாம். தொற்றுடையோரில் நூறில் ஒருவர் முதல் மூவர் வரைக்குத்தான் அது வருகின்றது. ஆயினும் இனத்தின் வேறுபாட்டை அந்நோயில் தெளிவாகக் காணலாம்.

தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் நாரிஞோ என்ற மாகாணம் உள்ளது. அதன் மலைப்பகுதியில் ரூக்கெரஸ் என்ற ஊர். கடலோரத்தில் ருமாக்கோ என்ற ஊர். இரண்டிலும் வளர்ந்தோரில் பத்துக்கு ஒன்பது பேரிடம் இக்கிருமி உள்ளது. ஆனால் மலையூரில் இரைப்பைப் புற்றுநோய், கடலூரை விட ஏறத்தாழ 25 மடங்கு கூட. மலையூரில் கிருமிகள் ஐரோப்பாவில் இருந்து வந்த வம்சம். கடலூரில் பெரும்பாலானவை ஆபிரிக்க வம்சம். 2014இல் வெளிவந்த ஆய்வொன்று இன்னும் ஒரு படி மேலே சென்றது. கிருமியின் வம்சமும் மனிதரின் வம்சமும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்து பழகியிருந்தால் தீங்கு குறைவாகவும், ஒன்றுக்கொன்று அந்நியமாக இருந்தால் தீங்கு கூடுதலாகவும் காணப்பட்டது. மண்ணுக்கேற்ற விதை என்று நாம் சொல்வோம் அல்லவா? கிருமிக்கும் அது பொருந்துகின்றது போலும்.

மலேசியாவில் நடந்த ஆய்வுகள் எமக்கு இன்னும் நெருக்கமானவை. அங்கு மலாயரிடம் இக்கிருமி மிகக் குறைவு. தமிழர் பெரும்பான்மையாக உள்ள இந்திய வம்சாவளியினரிடம் மிகக் கூட. ஆனால் இரைப்பைப் புற்றுநோய் கூடுதலாக வருவது சீனருக்கே. சீனரின் கிருமிகளில் உள்ள காக் ஏ கிழக்காசிய வகையைச் சேர்ந்தது. அது கலத்தின் ஒழுங்கை வலுவாகக் குலைக்கும். இந்திய வம்சாவளியினரின் கிருமிகளில் உள்ளது வலுக் குறைந்த வகை. உணவுப் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. எனினும் கிருமி இருக்கின்றதா என்று மட்டும் எண்ணிப் பார்த்தால் போதாது, எந்த இனம் என்றும் பார்க்க வேண்டும் என்பதை இந்த நாடு காட்டுகின்றது.

இனம் மட்டும் தீர்மானிப்பதில்லை

நல்ல விதையும் தண்ணீர் இல்லாவிடின் கருகும். அதுபோலக் கெட்ட இனக் கிருமியும் எல்லாரையும் வீழ்த்துவதில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் ஏறத்தாழ எல்லாக் கிருமிகளும் காக் ஏ உடையவையே. அப்படியிருந்தும் அங்கு கிருமி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் புண் இல்லை. மனிதரின் உடல்வாகுக்கும் பழக்கத்துக்கும் பங்குண்டு. புகைத்தல் புண் வரும் ஆபத்தைக் கூட்டுகின்றது, வந்த புண் ஆறுவதையும் தாமதிக்கின்றது.

எமது மக்கள் முக்கியமாக அறிய வேண்டியது நோவு மருந்துகளைப் பற்றியே. அஸ்பிரின், இபுபுறோபன், டைக்குளோபினாக் போன்றவை கிருமி இல்லாதவருக்கும் புண்ணை உண்டாக்கக் கூடியவை. கிருமியும் இம்மருந்தும் ஒன்றுசேர்ந்தால் ஆபத்து இன்னும் கூட. நாள் முழுதும் குனிந்து களை பிடுங்கி, மூடை சுமந்து, இடுப்பு நோவுக்குக் கடையில் இரண்டு குளிசை வாங்கி விழுங்குவது எம்மிடையே சாதாரணம். வெறும் வயிற்றில், நாள்தோறும், வைத்தியரைக் கேளாமல் அவற்றை எடுப்பது புண்ணை விலைக்கு வாங்குவதாகும். பரசிற்றமோல் அளவோடு எடுத்தால் இந்த விதத்தில் வயிற்றைப் புண்ணாக்காது. இதய நோய்க்காக வைத்தியர் தந்த அஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் கூடாது. அவரிடம் சொல்லி ஆலோசனை பெற வேண்டும்.

எமது கையில் உள்ள மாற்றம்

என் வயிற்றில் எந்த இனம் என்று எப்படி அறிவது என்று வாசகர் கேட்கலாம். ஆய்வுகூடங்களில் அறியலாம். ஆனால் நாளாந்த வைத்தியத்தில் அதைப் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. புண் உள்ள ஒருவரிடம் இக்கிருமி இருந்தால், அது எந்த இனமாயினும் அழிக்க வேண்டும் என்பதே வைத்திய விதி. அழித்தால் புண் ஆறும். திரும்ப வருவதும் வெகுவாகக் குறையும்.

ஆனால் கிருமியின் பரம்பரை எழுத்தில் ஏற்படும் இன்னொரு வகை மாற்றம் வைத்தியத்தையே தோற்கடிக்கக் கூடியது. அது மருந்துக்கு அடங்காத தன்மை. கபிலத் தத்திக்கு ஒரே நாசினியைத் திரும்பத் திரும்ப, அளவும் குறைத்து அடித்தால் என்ன நடக்கும்? எளிதில் சாகக்கூடியவை செத்துவிடும். தாங்கக்கூடிய சில தப்பிப் பெருகும். அடுத்த முறை அந்த நாசினி வேலை செய்யாது. கிருமியிலும் இதுவே நடக்கின்றது. கிளரித்ரோமைசின் என்ற மருந்துக்கு அடங்காமற் போக, ஒரு பரம்பரையலகில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். 2017இல் உலக சுகாதார நிறுவனம், புதிய மருந்து தேவைப்படும் பற்றீரியாக்களின் பட்டியலில் இந்த மருந்துக்கு அடங்காத ஹெலிகொபக்டரை உயர் முக்கியத்துவம் கொண்ட பிரிவில் சேர்த்தது.

இதனாலேயே ஒரு மருந்தை மட்டும் கொடுப்பதில்லை. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் போன்ற ஒன்றுடன், அமொக்சிசிலின், கிளரித்ரோமைசின், மெற்றோனிடசோல் ஆகியவற்றில் இரண்டையோ, வேறு சேர்க்கையையோ வைத்தியர் தெரிவு செய்வார். பெரும்பாலும் 14 நாட்கள் எடுக்க வேண்டும். நான்காம் ஐந்தாம் நாளில் எரிவு குறைந்துவிடும். அப்போது மிகுதிக் குளிசைகளை எடுத்து வைக்கவோ, அதே வருத்தம் என்று அயலவருக்குக் கொடுக்கவோ தோன்றும். அப்படிச் செய்தால் மருந்தைத் தாங்கும் இனத்தை நாமே தெரிந்தெடுத்து வளர்க்கின்றோம். அந்த இனம் பின்னர் எமது பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும். கெட்ட இனம் எம்மைத் தேடி வந்ததற்கு நாம் பொறுப்பில்லை. மருந்துக்கு அடங்காத இனத்தை உருவாக்காமல் இருப்பதில் எமக்குப் பொறுப்புண்டு.

நாம் செய்யக் கூடியவை

வாரக்கணக்கில் மேல்வயிற்றில் எரிவோ நோவோ இருந்தால் அமிலக் குளிசையால் மட்டும் சமாளிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மலம், மூச்சு ஆகியவற்றைச் சோதித்தும், கமரா பொருத்திய குழாயை இரைப்பைக்குள் இறக்கியும் கிருமியைக் கண்டறியலாம். மூச்சுச் சோதனையில் யூரியா கலந்த திரவத்தையே குடிக்கத் தருவார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவைப் பிரிக்கும். அதன் அடையாளம் மூச்சில் வரும்.

சோதனைக்கு முன்னர் எடுத்த மருந்துகளை மறையாமல் சொல்ல வேண்டும். ஒமெப்பிரசோலை இரண்டு வாரத்துக்குள்ளும் நுண்ணுயிர்க்கொல்லியை நான்கு வாரத்துக்குள்ளும் எடுத்திருந்தால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம்.

மருந்தை நாட்கணக்கு முடியும்வரை எடுக்க வேண்டும். வாய்க் கசப்பு, வயிற்றுப்போக்கு போன்றவை வந்தால் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும். மெற்றோனிடசோல் எடுக்கும் நாட்களில் மதுவைத் தொடக் கூடாது. பெனிசிலின் ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இடையில் வேறிடம் போக நேர்ந்தால் மருந்துத் துண்டையும் மிகுதிக் குளிசைகளையும் முதலில் கையில் எடுக்க வேண்டும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரத்தின் பின், கிருமி போய்விட்டதா என்று திரும்பவும் சோதிப்பது நல்லது.

மலம் தார் போலக் கறுத்து ஒட்டுந் தன்மையுடன் போனாலோ, வாந்தியில் இரத்தமோ கோப்பித் தூள் போன்ற கறுப்போ தெரிந்தாலோ, திடீரெனத் தாங்க முடியாத வயிற்று நோவு ஏற்பட்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. புண்ணில் இருந்து இரத்தம் போகின்றது, அல்லது குடல் துளைத்துவிட்டது என்பதன் அறிகுறி அது. இரும்புச்சத்துக் குளிசை எடுப்போருக்கும் மலம் கறுக்கும். சந்தேகம் இருந்தால் வைத்தியரே தீர்மானிக்கட்டும். காரணமின்றி உடல் மெலிந்தாலும், விழுங்கக் கடினமாக இருந்தாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

பிள்ளைகளைக் காக்கும் வழி நாம் ஏற்கனவே அறிந்ததே. மலசலகூடத்தால் வந்தபின்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவது. கொதித்தாறிய நீரைக் குடிப்பது. வாந்தியெடுத்த பிள்ளையைத் துப்புரவாக்கியபின் கை கழுவுவது. பெரியவர் வாயில் மென்ற உணவைக் குழந்தைக்கு ஊட்டாமல் இருப்பது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் போதிய தூரம் விடுவது. தொற்றுவது சிறு வயதில் என்பதால், இன்று ஒரு பிள்ளையின் கையைக் கழுவுவது நாற்பது வயதில் அவருக்கு வரக்கூடிய புண்ணைத் தடுப்பதாகும்.

விதைநெல்லைத் தெரியும்போது பதரையும் கலப்பையும் நாம் எவ்வளவு கவனமாக நீக்குகின்றோம்! அந்தக் கவனத்தில் ஒரு பங்கை 14 நாள் மருந்துக்குக் கொடுப்போம்.